ஏரிக்கரையா, கரிசலா, மலையடிவாரமா? குடியேறச் சிகாகோ, டாலஸ், டென்வர்: ஓர் ஒப்பீடு

2001 மார்ச் மாதத்தில் போயிங் நிறுவனம் தான் பிறந்து வளர்ந்த சியாட்டில் நகரை விட்டுத் தலைமையகத்தை மாற்றப்போவதாக அறிவித்தபோது, அதன் பரிசீலனையில் மூன்று ஊர்கள் இருந்தன: சிகாகோ, டாலஸ், டென்வர். மூன்றும் இரு பெருங்கடல்களிலிருந்தும் வெகுதொலைவில் உள்ள உள்நாட்டு நகரங்கள். மூன்றிலும் நாட்டின் மிகப் பெரிய விமான நிலையங்களுள் ஒன்று உண்டு. மே 10 அன்று சிகாகோ என்று முடிவு வெளியாயிற்று. இல்லினாய் மாநிலமும் சிகாகோ நகராட்சியும் சேர்ந்து இருபது ஆண்டுகளில் 60 மில்லியன் டாலர் அளவுக்குச் சலுகைகள் தர முன்வந்திருந்தன. ஏறத்தாழ அந்த இருபது ஆண்டுகள் கழிந்ததும், 2022இல், அந்நிறுவனம் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது.

அன்று அந்த நிறுவனத்தின் முன் இருந்த அதே மூன்று பெயர்கள் இன்று பல தமிழ்க் குடும்பங்களின் முன்னும் வருகின்றன. ஒரே பதவி, ஏறத்தாழ ஒரே சம்பளம், மூன்று ஊர்களிலும் கிளை அலுவலகம், எங்கே போகிறீர்கள் என்று மேலாளர் கேட்கிறார். பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம். நான் சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளும், டாலஸுக்கு வடக்கே ஆறு ஆண்டுகளும் குடியிருந்தவன். டென்வரை உறவினர் வீட்டு விருந்தாளியாக மட்டுமே அறிவேன். ஆகவே அந்த ஊரைப் பற்றி இங்கே குறைவாகவே இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊர்களை ஒப்பிடுபவர்கள் வழக்கமாகக் குளிர், வரி, கோயில், பள்ளிக்கூடம் என்ற வரிசையில் தொடங்குகிறார்கள். கோயிலை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. சிகாகோ வட்டாரத்தில் ஆரோராவிலும் லெமான்ட்டிலும், டாலஸ் வட்டாரத்தில் இர்விங்கிலும் ஃபிரிஸ்கோவிலும் வேண்டிய அளவுக்கு உண்டு. மற்றவற்றுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஊரின் செல்வம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே. சிகாகோவின் செல்வம் வீட்டு வாசலுக்கு வெளியே, பொதுவில் இருக்கிறது: மிச்சிகன் ஏரிக்கரை, ரயில், நூலகம், அருங்காட்சியகம். டாலஸின் செல்வம் வேலிக்குள் இருக்கிறது: நாலைந்து படுக்கையறை வீடு, பின்பக்கத் தோட்டம், முடிந்தால் ஒரு நீச்சல் குளம், இரண்டு கார் நிற்கும் கொட்டகை. டென்வரின் செல்வமோ ஊரிலேயே இல்லை; மேற்கே ஒரு மணி நேரம் காரோட்டிப் போனால் கிடைக்கும் மலைகளில் இருக்கிறது. எதை நாம் வாரந்தோறும் எடுத்துப் பயன்படுத்துவோமோ அதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும். பயன்படுத்தாத ஒன்றுக்கு விலை கொடுத்துவிட்டு ஊரைக் குறை சொல்பவர்களை இரண்டு இடங்களிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்ற ஒற்றை வரியே பலருடைய முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. ஆண்டுக்கு 1,50,000 டாலர் வருமானமும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லினாயில் எல்லாருக்கும் ஒரே விகிதமாக 4.95 விழுக்காடு, விலக்குகள் போக ஆண்டுக்கு 7,000 டாலரை ஒட்டி வரும். கொலராடோவில் 4.4 விழுக்காடு, அதுவும் மத்திய வரியில் எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும் நிலைக்கழிவு போன மீதித் தொகையின் மேல்தான் என்பதால், 5,200 டாலர் அளவில் நிற்கும். டெக்சாஸில் பூஜ்யம். இனி 5,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டின் சொத்து வரியைப் பாருங்கள். சிகாகோவின் புறநகர்களில் வீட்டு மதிப்பில் 2 விழுக்காட்டை ஒட்டி, அதாவது 10,000 டாலர். டாலஸின் வடக்குப் புறநகர்களில் 1.7 விழுக்காடு என்று கொண்டால் 8,500. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரி விலக்கு 2023இல் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராகவும், 2025இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்துவிட்டதால் அதில் 1,400 டாலர் அளவுக்குக் குறையும். டென்வரில் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல், 2,500 முதல் 3,000 டாலர் வரை. கூட்டினால் சிகாகோ 17,000, டாலஸ் 7,100, டென்வர் 8,000. இவை தோராயக் கணக்குகள்தாம், ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் வருமான வரி வாங்கும் டென்வர் வாங்காத டாலஸின் தோளோடு தோள் நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதே சமயம் டாலஸில் 5,00,000 டாலருக்குக் கிடைக்கும் வீட்டை டென்வரில் அந்த விலைக்குத் தேடினால் கிடைக்காது; மூன்று ஊர்களிலும் வீட்டு விலை அங்கேதான் அதிகம்.

இந்தக் கணக்கில் தெரியாத இன்னொரு வேறுபாடு உண்டு. வருமான வரி வருமானத்தோடு போகும். வேலை போனால் அதுவும் நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. டெக்சாஸ் தன் பள்ளிக்கூடங்களையும் உள்ளாட்சிகளையும் பெருமளவு சொத்து வரியைக் கொண்டே நடத்துகிறது என்பதால், ஒவ்வொரு வசந்தத்திலும் மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து வீட்டின் புதிய மதிப்பைச் சொல்லும் கடிதம் வரும். அதை எதிர்த்து முறையிட மே 15 கடைசி நாள். டாலஸ் புறநகர்களில் மே மாதத்து விருந்துகளில் பேச்சு மாம்பழத்தைவிட இதைப் பற்றியே அதிகம் இருக்கும்: யார் வீட்டுக்கு எவ்வளவு ஏற்றினார்கள், யார் நேரில் போனார்கள், யார் முகவரிடம் கொடுத்தார்கள் என்று. குடியிருக்கும் வீட்டின் வரிக்குரிய மதிப்பை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு இருப்பது ஆறுதல். சிகாகோ அமைந்துள்ள குக் மாவட்டத்தில் மறுமதிப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆனால் அந்த மூன்றாவது ஆண்டின் கடிதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டியதாக இருக்கும். நகராட்சியின், மாநிலத்தின் ஓய்வூதிய நிதிகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள பற்றாக்குறை இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதால், இல்லினாயில் வரி குறையும் என்று நம்பி யாரும் வீடு வாங்க வேண்டாம்.

சிகாகோ ஏன் இவ்வளவு வாங்குகிறது, பதிலுக்கு என்ன தருகிறது? அந்நகரத்தின் நடுப்பகுதியை வரைந்த 1836ஆம் ஆண்டு வரைபடத்தில், ஏரியை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தின் மேல், இது எக்காலத்தும் கட்டடமில்லாத திறந்த பொது நிலமாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அஞ்சல்வழி வணிகத்தில் பெரும் பணம் சேர்த்த மான்ட்கோமரி வார்ட் அந்தக் குறிப்பை ஆதாரமாகக் காட்டி, 1890 தொடங்கி இருபது ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடி, ஏரிக்கரைப் பூங்காவில் கட்டடங்கள் முளைப்பதைத் தடுத்தார். 1909இல் வெளிவந்த, கட்டடக் கலைஞர் டேனியல் பர்னமின் நகரத் திட்டம் ஏரிக்கரை முழுவதும் மக்களுக்கே உரியது என்று வைத்து வரையப்பட்டது. விளைவாக இன்று 18 மைல் நீளத்துக்கு ஏரியோரமாக நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் ஒரு மாலை மான்ட்ரோஸ் முனையில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் மெக்சிகோக் குடும்பம் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் நம் ஊர்க்காரர் ஒருவர் எவர்சில்வர் தூக்கிலிருந்து புளியோதரையை எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார், எதிரே கடல் போல நீர். உப்பு வாசனை மட்டும் இருக்காது.

ரயிலும் அப்படித்தான். தூண்களின் மேல் ஓடும் நகர ரயில் 1892இல் தொடங்கியது. இன்று எட்டுத் தடங்கள், அவற்றுள் ஓஹேர் விமான நிலையத்துக்குச் செல்லும் நீலத் தடமும், நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் சிவப்புத் தடமும் இரவு முழுவதும் ஓடுகின்றன. ஆள் குறைவான நேரத்தில் பெட்டிகளில் சிகரெட் புகையும் தகராறும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் கார் இல்லாமல், அல்லது குடும்பத்துக்கு ஒரே காருடன், மரியாதையாக வாழக்கூடிய ஊர் இந்த மூன்றில் சிகாகோ ஒன்றுதான். ஒரு காரின் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முன்பு பார்த்த வரி வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே ஈடாகிவிடும். நகரின் தெற்கே ஹைட் பார்க்கில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தோடு தமிழுக்கு நெருங்கிய தொடர்பும் உண்டு: இயற்பியலாளர் சந்திரசேகர் 1937 முதல் 1995இல் மறையும்வரை அங்கேதான் பணியாற்றினார், சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1960களின் தொடக்கத்திலிருந்து 1993இல் இறக்கும்வரை அங்கேதான் கற்பித்தார்.

இங்கேதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். சிகாகோவுக்கு வேலை மாற்றம் என்று வருவார்கள். பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்லி நேப்பர்வில்லிலோ ஆரோராவிலோ, நகர மையத்திலிருந்து 30 மைலுக்கு அப்பால், வீடு வாங்குவார்கள். அலுவலகமும் அதே புறநகரில் ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். ஏரியைப் பார்ப்பது ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது ஒருமுறை. இப்படி வாழ்பவர் சிகாகோவின் குளிரையும் வரியையும் முழுதாகச் சுமந்துகொண்டு, சிகாகோ தருவதில் ஒன்றையும் பெறாமல், டாலஸ் வாழ்க்கையைச் சிகாகோ விலைக்கு வாங்கியவர் ஆகிறார். நானும் முதல் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அலுவலகம் நகர மையத்துக்கு மாறி, புறநகர் ரயிலில் தினமும் போய்வரத் தொடங்கிய பிறகுதான் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே புரிந்தது. ஆகவே புறநகர் என்றாலும், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்து, வேலையும் நகர மையத்தில் இருந்தால், அந்தத் தேர்வு தவறில்லை.

குளிரைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் தவறான நாளைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோவில் வெப்பநிலை மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. தண்டவாளம் பிரியும் இடங்களில் உறைவைத் தடுக்க எரிவாயுத் தீயை மூட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட நாள் அபூர்வம். அன்று எல்லாரும் வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். கடினமானது டிசம்பரில் மாலை 4.20க்கு விழும் இருட்டும், மார்ச் முடியும்வரை விலகாத சாம்பல் நிற வானமும்தான். பனியை வாரிக் கொட்டுவது உடற்பயிற்சி. இருட்டு மனத்தைத் தின்னும். நகரத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு: பனியில் புதைந்த காரை இரண்டு மணி நேரம் வெட்டி எடுத்தவர், அந்த இடத்தில் உடைந்த நாற்காலி ஒன்றையோ இஸ்திரி மேசையையோ வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அந்த நாற்காலியை எடுத்துவிட்டு நம் காரை நிறுத்துவதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் திரும்பி வரும்போது கண்ணாடி கீறாமல் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். பழைய புறநகர் வீடுகளில் நிலவறை உண்டு. கோடை மழை கொட்டும் இரவில் மின்சாரம் போய், அங்குள்ள நீரிறைக்கும் பம்பு நின்றுவிட்டால், கீழே வைத்திருந்த கொலுப் பெட்டிகள் மிதக்கும். எங்கள் வீட்டில் மிதந்தன.

டாலஸின் கதை வேறு. கடலும் இல்லை, கப்பல் போகும் ஆறும் இல்லை. ட்ரினிட்டி ஆற்றில் படகுப் போக்குவரத்தைக் கொண்டுவரச் செய்த முயற்சிகள் தோற்றன. 1872இலும் 1873இலும் இரண்டு ரயில் பாதைகள் அங்கே சந்தித்ததால்தான் ஊர் பிழைத்தது. அந்த ரயிலில் ஏறியது பருத்தி. பருத்தி விளைந்த மண், நம் கோவில்பட்டிக்காரருக்கு அறிமுகமே தேவையில்லாத மண்: டாலஸ் நகரமும் அதன் வடக்குப் புறநகர்களும் கரிசல் மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வாய் பிளக்கும், அதே குணம். இந்த ஒற்றைச் செய்தி டாலஸில் வீடு வாங்குபவருக்கு வரி விகிதத்தைவிட முக்கியம் என்பேன். அங்கே வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கான்கிரீட் பலகை ஒன்றை நிலத்தின் மேல் ஊற்றி அதன்மேல் வீட்டை எழுப்புகிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் மண் சுருங்கி அந்தப் பலகையை விட்டு விலகும். ஒரு மூலை இறங்கினால் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும், கதவு நிலையில் மாட்டும். அதனால் வீட்டைச் சுற்றிலும், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கசிவுக் குழாய் பதித்துக் கோடை முழுவதும் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது உண்டு, வீட்டுக்குத் தண்ணீர் விடுவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். அஸ்திவாரம் பழுதானால் அடியில் தூண்கள் இறக்கிச் சரிசெய்ய ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வழக்கமான வீட்டுக் காப்பீடு பொதுவாக மண் நகர்வால் வரும் இந்தச் சேதத்தை ஏற்பதில்லை.

வெயிலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் டாலஸில் 71 நாட்கள் வெப்பநிலை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. சென்னையில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சென்னையில் மாலையில் கடற்காற்று வரும், நடக்க நிழல் தேடலாம். டாலஸின் புறநகரில் நடந்து போய்ச் சேரும் இடம் என்று பெரும்பாலும் ஒன்றும் இல்லாததால், சிகாகோவில் ஜனவரி எப்படி வீட்டுச்சிறையோ அப்படியே இங்கே ஜூலையும் ஆகஸ்டும். வசந்தத்தில் ஆலங்கட்டி மழை; கூரை மாற்றும் நிறுவனங்களின் ஆட்கள் மறுநாளே கதவைத் தட்டுவார்கள். 2021 பிப்ரவரியில் உறைகுளிர் வந்தபோது, அண்டை மாநிலங்களோடு பெரிதும் இணையாமல் தனித்து இயங்கும் டெக்சாஸ் மின்கட்டமைப்பு சரிவின் விளிம்புக்குப் போய், லட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தனர். குளிரிலிருந்து தப்ப டாலஸுக்கு வந்த எங்கள் நண்பர் குடும்பம் அந்த வாரத்தில் மூன்று இரவுகள் எரிவாயு அடுப்பில்லாத வீட்டில் கம்பளிக்குள் கிடந்தது.

இத்தனைக்குப் பிறகும் டாலஸ் வளர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் வேலை. 1958இல் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியது இங்குள்ள டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில். அதன் நிழலில் ரிச்சர்ட்சனில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூடின. 1974இல் திறக்கப்பட்ட விமான நிலையம் மன்ஹாட்டன் தீவைவிடப் பரப்பில் பெரியது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017இல் பிளேனோவுக்குக் கொண்டுவந்தது. இல்லினாயில் நெடுங்காலம் இருந்த கேட்டர்பில்லர் 2022இல் இர்விங்குக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2020 கணக்கெடுப்பில் டாலஸ், ஃபோர்ட் வொர்த் இரண்டையும் சேர்த்த பெருநகர வட்டாரத்தின் மக்கள்தொகை 76 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சிகாகோ வட்டாரம் 96 லட்சம், ஆனால் அங்கே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் புள்ளிவிவரம் அல்ல. வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாட்கள்தாம் அவகாசம். அந்த 60 நாட்களில், வீடு மாறாமல், பிள்ளைகளின் பள்ளி மாறாமல், அதே வட்டாரத்தில் இன்னொரு வேலை கிடைக்கும் வாய்ப்பு எங்கே அதிகம் என்பது, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை வரும்வரை, மற்ற எல்லாக் கேள்விகளையும் முந்தும். சிகாகோவின் வேலைகள் பலதரப்பட்டவை, நிதிச் சந்தைகள், காப்பீடு, மருந்து, உணவு என்று. அதனால் ஒரே துறையின் சரிவில் ஊர் விழாது. ஆனால் தகவல் தொழில்நுட்பத்தில் புதிதாக ஆள் எடுக்கும் வேகம், நான் கண்டவரை, டாலஸில்தான் கூடுதல்.

டாலஸில் பொதுப் போக்குவரத்தே இல்லை என்று சொல்வது அநியாயம். வட்டாரப் பொதுப் போக்குவரத்து அமைப்பான டார்ட் 1996இல் தொடங்கிய இலகு ரயில் 93 மைல் நீளம், அவ்வகையில் நாட்டிலேயே நீளமான அமைப்புகளுள் ஒன்று. சிக்கல் என்னவென்றால், நம்மவர்கள் விரும்பி வீடு வாங்கும் ஃபிரிஸ்கோ, மெக்கின்னி, ஆலன் ஆகிய ஊர்கள் அந்த அமைப்பில் சேரவே இல்லை. ஆக வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கார், அதன்மேல் சுங்கச் சாலைக் கட்டணம். பதினாறு வயது முடிந்த பிள்ளைக்கும் கார் வாங்க வேண்டிவரும். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோருக்கோ, யாராவது அழைத்துப் போனால்தான் வெளியுலகம். போயிங் தன்னை ஒதுக்கியதற்கு நகர மையத்தில் உயிர்ப்பில்லாததும் ஒரு காரணம் என்று டாலஸ்காரர்களே சொல்வதுண்டு. அதற்குப் பிறகு அவர்கள் கலை வட்டாரத்தில் பெரும் பணம் போட்டு, 2012இல் ஒரு நெடுஞ்சாலையின் தலைக்கு மேலேயே கூரை போட்டு, அதன்மேல் ஐந்து ஏக்கரில் ஒரு பூங்காவையும் அமைத்தார்கள். அது நல்ல பூங்கா. அங்கே போகவும் காரில்தான் போனோம்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை நேப்பர்வில்லுக்கும் ஃபிரிஸ்கோவுக்கும் பிளேனோவுக்கும் இடையே கவலைப்படும் அளவுக்கு வேறுபாடு இல்லை. கல்லூரிச் சேர்க்கையில்தான் உண்டு, அதைப் பெற்றோர் தாமதமாகவே அறிகிறார்கள். டெக்சாஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் தானாகக் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள முதன்மைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த வரம்பு சுருங்கிச் சுருங்கி, 2026 சேர்க்கையிலிருந்து 5 விழுக்காடாகிவிட்டது. நம் பிள்ளைகள் குவியும் புறநகர்ப் பள்ளிகளில் இருபதில் ஒருவராக வருவதென்றால், எட்டாம் வகுப்பிலிருந்தே தரவரிசைக் கணக்குத் தொடங்கிவிடும். அதே பிள்ளை போட்டி குறைந்த வேறொரு பள்ளியில் படித்திருந்தால் எளிதாக உள்ளே போயிருப்பான். இல்லினாயில் இப்படி ஒரு சட்டம் இல்லை; அர்பானா ஷாம்பெயினில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இடம் அரிதுதான், ஆனால் சக மாணவனே முதல் எதிரி என்ற நிலை அங்கே அவ்வளவு இல்லை.

சிகாகோ என்றதும் துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வருவது இயல்பு. 2021இல் அந்நகரில் 800 பேர் அளவில் கொலையுண்டனர். 2024இல் அந்த எண் 600க்குக் கீழே வந்தது. இந்த மரணங்களில் பெரும்பங்கு, பல பத்தாண்டுகள் கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு, வேலையும் கடைகளும் வெளியேறிவிட்ட தெற்கு, மேற்குப் பகுதிகளின் சில வட்டாரங்களில் நிகழ்கின்றன. வேலைக்காகக் குடியேறும் குடும்பம் அங்கே வீடு தேடப்போவதில்லை என்பது உண்மை. அது அந்த ஊரைப் பற்றிய நல்ல செய்தி அல்ல என்பதும் உண்மை. மக்கள்தொகையின் விகிதத்தில் பார்த்தால் சிகாகோவைவிடக் குறைவு என்றாலும், டாலஸ் நகரமும் இதற்கு விலக்கல்ல. அங்கே அதைப் பற்றிப் பேச்சுதான் இன்னும் குறைவு.

டென்வருக்கு வருவோம். கண்டத்தைக் கடக்கும் முதல் ரயில் பாதை மலைகளுக்குப் பயந்து டென்வரைத் தவிர்த்து வடக்கே ஷையன் வழியாகப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் தாங்களே பணம் திரட்டி 1870இல் ஒரு கிளைப் பாதை போட்டு அதோடு இணைந்தார்கள். அந்தப் பிடிவாதம் இன்றும் ஊரில் தெரிகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 5,280 அடி. வெயில் கூர்மை, காற்று வறட்சி, முதல் வாரம் மூக்கில் இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கரிலும் இரண்டு விசில் கூடுதலாக விட வேண்டும் என்று உறவுக்காரப் பெண் சொன்னார். குளிர்காலத்தில் பனி விழுந்த மறுநாளே வெயில் அடித்து அதைக் கரைத்துவிடும். சிகாகோவின் இருட்டு அங்கே இல்லை. ஆனால் வீட்டு விலை அதிகம், வேலைச் சந்தை சிறிது, தமிழ்க் குடும்பங்கள் குறைவு, ஆலங்கட்டி மழை டாலஸுக்குச் சளைத்ததல்ல. 2021 டிசம்பர் 30 அன்று பலத்த காற்றில் பரவிய காட்டுத்தீ, டென்வரையும் போல்டரையும் ஒட்டிய புறநகர்களில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அதன்பின் வீட்டுக் காப்பீடு ஒரு தனிக் கவலை ஆகிவிட்டது. மாதம் மூன்று முறையாவது மலையேறுபவர், பனிச்சறுக்கில் பித்துப்பிடித்தவர், இந்த விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மலையைப் பார்த்தால் போதும் என்பவர் விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

என் பரிந்துரை இதுதான். பச்சை அட்டை இன்னும் வராத, இருவரும் தகவல் தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கும், சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு டாலஸ். ஆனால் ஃபிரிஸ்கோவுக்கு ஓடுவதற்குமுன் ரிச்சர்ட்சன், பிளேனோ, கேரல்ட்டன் ஆகிய பழைய ஊர்களில் ரயில் நிலையத்துக்கு அருகில் தேடிப் பாருங்கள். விசாக் கவலை தீர்ந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டவர்கள், பெற்றோரை உடன் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஆகியோருக்குச் சிகாகோ. ஆனால் நகருக்குள், அல்லது ரயில் பாதையில் நடை தூரத்தில். இந்த இரண்டில் ஒன்றையும் ஏற்க முடியாதவர் சிகாகோவைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்; போவதானால் நிறுவனம் அழைக்கும் இனிமையான அக்டோபரில் போக வேண்டாம். சிகாகோவுக்குப் பிப்ரவரியில் ஒரு வேலை நாளில் போய், காலை ஏழு மணிக்குப் புறநகர் ரயில் நடைமேடையில் இருபது நிமிடம் நின்று பாருங்கள். டாலஸுக்கு ஆகஸ்டில் போய், மாலை ஐந்தரைக்கு இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்குக் காரோட்டிப் பாருங்கள். அங்கே வீடு காட்ட வரும் முகவர் சமையலறையின் கிரானைட் மேடையையும் மாடியில் உள்ள திரையரங்க அறையையும் காட்டிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பின்பக்கம் போய்ச் சுவரின் அடியில் குனிந்து, மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நாங்கள் மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் என் உள்ளங்கையே நுழைந்தது.